பட்டியலில் ஏழாவது ஆள்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவருக்கு மொட்டை என்றுதான் பெயர். சின்னவர்கள் மொட்டையண்ணன் என்பார்கள். முப்பது வருஷமாக வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளியவர். அவரை நல்லவர் என்று நான் எழுதப் போவதில்லை. வேலை நேரத்தில் துணிக்கிடங்கில் படுத்துத் தூங்குவார். யாரைப் பார்த்தாலும் முறைப்பார். மனைவி கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. வாரம் ஒருமுறை வந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்துவிட்டுப் போவாள். ஆனால், படுக்க மாட்டேன் என்கிற நோயாளியை அவர் வற்புறுத்தியதே இல்லை. காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு கூடவே நடத்திக் கூட்டிப் போவார். கேட்டால், "கால் இருக்கறவங்க நடக்கட்டும், என் முட்டிக்கு ஓய்வு" என்பார்.

அந்தப் பத்து வயதுப் பெண் பல் பிடுங்க வந்தது மூன்றாவது தடவை. ஆட்டிசம், பேச்சு இல்லை. கடைவாய்ப் பல் இரண்டில் சீழ் வைத்து, வலி பொறுக்காமல் தன் தாடையைத் தானே குத்திக் கன்னம் கன்றிப் போயிருந்தது. மயக்கம் கொடுத்தால்தான் பிடுங்க முடியும். முந்தைய இரண்டு தடவையும் நான்கு பேர் கையையும் காலையும் அமுக்கி, முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பார்த்து, முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இன்றும் தவறினால் அடுத்த தேதிக்கு நாலு மாதம்.

இதற்கிடையில் நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. தியேட்டர் வாசல் சுவரில் மீன்கள் வரைந்து, 'சிறப்புக் குழந்தைகளுக்கு இனிய சூழல்' என்று பலகை மாட்டினார்கள். பெரிய டாக்டர் மீன்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு எது ஆகாது, எது ஆகும் என்று அம்மாக்காரி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்த தாள் கோப்பின் அடியில் பத்திரமாக இருந்தது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

அன்று பட்டியலில் ஏழு பேர். அவள் ஏழாவது. தகராறு பண்ணும் குழந்தையை முதலில் எடுத்தால் மற்றவர்களுக்குத் தாமதமாகுமாம். மயக்கம் கொடுக்கும் வரை எதுவும் சாப்பிடக்கூடாது; ஆகவே அவள் பசியும் தாகமுமாக மத்தியானம் இரண்டு மணி வரை காத்திருந்துவிட்டு, அதன்பிறகு சமர்த்தாக நடந்துகொள்ள வேண்டும். இப்படி யோசித்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள்.

காலை ஏழரைக்கு மொட்டை முதல் நோயாளியைக் கூட்டிப்போக வந்தார். நான் அந்த வார்டின் உதவியாளர். அந்தப் பெண் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

"இந்தப் பாப்பா எத்தனாவது அக்கா?"

"ஏழு."

"ஏழா? ரெண்டு மணிக்குள்ள வார்டையே கழட்டி அடுக்கிருமே."

முதல் நோயாளி ஒரு லாரி டிரைவர். அவரிடம் போய், "தம்பி, பசி தாங்குவீங்களா?" என்றார்.

"லாரி ஓட்டறவன்கிட்ட கேக்கற கேள்வியாண்ணே இது?"

"அப்ப நீங்க கடைசியாப் போங்க. கேட்டா, பயமா இருக்கு, இப்ப வரலன்னு சொல்லுங்க."

"அது பொய்யே இல்லண்ணே," என்றார் டிரைவர்.

நர்ஸ் அந்தப் பெண்ணுக்குப் பச்சை கவுனை நீட்டினாள். "மாத்தாம உள்ள விடமாட்டேன். ரூல்."

"சட்டையில கை வச்சா அவ்வளவுதான் சிஸ்டர். தாள்ல எழுதியிருக்கேனே," என்றாள் அம்மா.

"எந்தத் தாள்?"

"தூங்கினப்புறம் மாத்திக்கலாம்," என்றார் மொட்டை. "முழிச்சிட்டு இருக்கறப்பதான் மாத்தணும்னா உன் ரூல் சொல்லுது?"

அந்தப் பெண் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சக்கரம் சுற்றுவதையே பார்த்தபடி நடந்தாள். சுவரிலிருந்த மீன்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தியேட்டர் வாசலில் மயக்க டாக்டர் நின்றிருந்தார். "ஏழாவது கேஸ் எதுக்கு இப்ப?"

"முதல் ஆளு பயந்துட்டாரு டாக்டர்."

கோப்போடு கூட வந்திருந்த நான் அந்தத் தாளை உருவி அவர் கையில் வைத்தேன். நின்றபடியே படித்தார். "இதை யாரும் எங்கிட்ட சொல்லலையே."

"சொல்லல. எழுதினேன்," என்றாள் அம்மா.

பெரிய விளக்கை அணைக்கச் சொன்னார். பெண் அம்மா மடியில் உட்கார்ந்தாள். மாஸ்க்கை அவள் கையிலேயே கொடுத்தார்கள். முகர்ந்துவிட்டு எறிந்தாள். மறுபடி கொடுத்தார்கள், மறுபடி எறிந்தாள். மூன்றாம் தடவை அதைத் தானே மூக்கில் வைத்துக்கொண்டாள். அமுக்குவதற்கென்று வந்திருந்த நான்கு பேரும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிஷம்.

பல் இரண்டும் வந்துவிட்டன. மத்தியானமே மொட்டைக்கு மெமோவும் வந்துவிட்டது: பட்டியல் வரிசையை யாரைக் கேட்டு மாற்றினாய்?

"நீங்களே எழுதிக் குடுங்கக்கா. நான் எழுதினா கெட்ட வார்த்தை வந்துரும்."

முதல் நோயாளி பயந்ததால் அடுத்துத் தயாராக இருந்தவர் அழைத்து வரப்பட்டார் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டார். இனி இப்படிச் செய்யக்கூடாது என்று எச்சரிக்கை கொடுத்து, அதையும் கோப்பில் வைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்துக் காயம் காட்ட அந்தப் பெண் வந்தாள். கன்னத்துக் கன்றல் மஞ்சளாகி மங்கியிருந்தது. புதிதாக எதுவும் இல்லை.