சொந்த லொறிக்காரர்

அறுவடை முடிந்து, வவுனியா ஆலைக்குப் போகவேண்டிய என் நெல்மூட்டைகள் அக்கராயனில் வயலோரம் கிடந்தன. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பேசிவைத்த லொறி வரவில்லை. நண்பர் ஒருவர் சொல்லி, இவர் லொறியோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சேட்.

ஏற்றியவர்கள் தறப்பாள் போட்டுக் கயிறும் கட்டி முடித்திருந்தார்கள். ஆனாலும் அவர் லொறியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு முடிச்சையும் தன் கையால் இழுத்துப் பார்த்தார்.

“ஆற்றை லொறி ஓடுறியள்?” என்று கேட்டேன்.

“என்ரை லொறிதான் சேர். முதலாளியும் நான்தான், டிரைவரும் நான்தான்.”

நானும் அவரோடு ஏறிக்கொண்டேன். வழியில், கனகராயன்குளத்தில் மழை கொட்டியது. அப்போது அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. லொறியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் எடுத்தார். பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவர் பேசியது எனக்கும் கேட்டது. மாதம் முழுக்க மணல் ஏற்றும் வேலை இருக்கிறது, உடனே வந்தால்தான் தருவேன் என்றார். என்னையும் நெல்லையும் வழியில் இறக்கிவிடுவாரோ என்று பயந்தேன்.

“இண்டைக்கு ஏலாது ஐயா. நான் ஒரு வாத்தியாற்றை நெல்லோட நிக்கிறன். நாளைக்கெண்டால் வாறன்.”

மறுமுனையில் இருந்தவர் கோபத்தில் துண்டித்துவிட்டார்.

“பெரிய வேலையை விட்டிட்டியளே?”

“ஓம். ஏலாதெண்டு சொல்லத்தானே சேர் சொந்தமா லொறி வாங்கினனான்” என்று சிரித்தபடி லொறியை எடுத்தார்.

ஆலையில் ஒரு மூட்டைகூட நனையாமல் நெல் இறங்கியது.

முப்பது வருட அரச ஆசிரியர் உத்தியோகத்தில், எனக்கு மேலிருந்தவர்களிடம் நான் ஒருநாளும் ‘ஏலாது’ என்று சொன்னதில்லை. அன்று மழைக்குள் அவர் பக்கத்தில் இருந்தபோது, ஏனோ நானும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.