சித்தி தப்பாகக் கட்டிய ஈ

என் சித்தி ஈ கட்டுவாள் என்று வகுப்பில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. ஈயை எதற்குக் கட்ட வேண்டும், அது என்ன மாடா என்று கேட்டார்கள். நான் அசரவில்லை. தெரியாதவர்களுக்கு விளக்கிச் சொல்வது அந்த வயதிலேயே எனக்குப் பிடித்தமான வேலை.

அது மீன் பிடிக்கிற ஈ. சின்னத் தூண்டில் முள்ளின் மேல் நூலைச் சுற்றி, ஒரு வால் வைத்து, கம்பளி இழையால் உடம்பு செய்து, கடைசியில் சேவலின் கழுத்து இறகைச் சுற்றிவிட வேண்டும். இறகின் மயிர்கள் நாலாபுறமும் விறைத்து நிற்கும். தண்ணீரில் போட்டால் அவற்றை ஊன்றிக்கொண்டு மூழ்காமல் மிதக்கும். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் என்று ஒரு மீன் இருக்கிறது. அது நிஜப் பூச்சி என்று நினைத்து மேலே வந்து கவ்வும். சித்தியின் அப்பா அங்கே அரசாங்க மீன் பண்ணையில் வாட்சராக இருந்தவர். தூண்டில் போட வருகிற விருந்தாளிகளை ஓடைக்கு அழைத்துப் போவதும், அவர்களுக்கு வேண்டிய ஈக்களைக் கட்டிக் கொடுப்பதும் அவர் வேலை. சித்தி எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே ஈ கட்டிவிட்டாளாம்.

நாங்கள் இருந்த அந்தமானில் டிரவுட் கிடையாது. குளிரும் கிடையாது. ஆனாலும் சித்தி வந்துவிட்டாள். கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன சித்தப்பா, படிப்பை முடித்த கையோடு அவளைக் கல்யாணம் செய்துகொண்டு கப்பலில் வந்து இறங்கினார். குட்வில் எஸ்டேட் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த புது மணப்பெண்ணின் பையில் நான்கைந்து புடவைகளும், தூண்டில் முள்ளைக் கவ்விப் பிடிக்கிற ஓர் இரும்புப் பிடியும் இருந்தன. மேஜை விளிம்பில் திருகி மாட்டிக்கொள்கிற அந்தப் பிடி அவளுடைய அப்பாவினுடையது. கேட்காமல் எடுத்து வந்திருந்தாள். கல்யாணத்துக்கும் அவரைக் கேட்கவில்லை. அதனால் அவரும் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. சித்தி போன் செய்தால் எடுப்பதில்லை.

மத்தியான வேளைகளில் சித்தி அந்தப் பிடியை மாட்டிக்கொண்டு உட்காருவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே பாதி கற்றுக்கொண்டேன். இறகு சேகரிப்பது என் பொறுப்பு. நாங்கள் தீதி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அக்கா சேவல் அடிக்கும் நாளில் வாசலில் போய் நின்றால், இந்தப் பெண்ணுக்குப் பைத்தியம் என்று இந்தியில் சொல்லிக்கொண்டே கழுத்து இறகை மட்டும் தனியாகப் பிடுங்கித் தருவார். கட்டி முடித்த ஈக்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தோம். டப்பா நிறைந்துவிட்டது. ஒன்றுகூடப் பழுதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது சித்தியின் அண்ணன் போன் செய்தார். ரிட்டையர் ஆனவர்கள் சிலர் சேர்ந்து அந்தமானுக்கு டூர் வருகிறார்கள், அப்பாவும் வருகிறார், உங்களிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

சித்தப்பா கெட்டிக்காரர். லாட்ஜுக்கு நேராகப் போய், டூர் வந்த அத்தனை பேரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, "மாமா, நாளைக்கு மத்தியானம் நம்ம வீட்ல சாப்பாடு" என்று உரக்கச் சொன்னார். மகளும் மருமகனும் இதே ஊரிலா, சொல்லவே இல்லையே என்று கூட வந்தவர்கள் கேட்க ஆரம்பித்த பிறகு அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையிலிருந்து அம்மா சமையலறையில் நின்றாள். சாப்பாட்டு மேஜையைத் துடைக்க வந்தவள், விளிம்பில் மாட்டியிருந்த இரும்புப் பிடியைப் பார்த்துவிட்டு, "மேன்லேண்ட்ல இருந்து முதல் தடவையா வர்றார். சாப்பிடுற எடத்துல இது என்னத்துக்கு? கழட்டி வை" என்றாள்.

"இருக்கட்டும் அக்கா" என்றாள் சித்தி. அம்மா சொல்லி அவள் கேட்காதது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பிடியைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள்.

சித்தியின் அப்பா ஒல்லியாக, உயரமாக இருந்தார். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். ஹார்பரில் வேலை பார்க்கும் என் அப்பாவிடம் கப்பல்களைப் பற்றி விசாரித்தார். அம்மாவிடம் குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். சித்தப்பாவை ‘சார்’ என்று கூப்பிட்டார். என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சித்தி இருந்த பக்கம் மட்டும் சுவர் இருப்பது போல நடந்துகொண்டார்.

"இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமாப்பா?" என்று சித்தி கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்து, "போதும்னு சொல்லு பாப்பா" என்றார்.

"போதுமாம் சித்தி" என்றேன். இரண்டு பேரும் ஒரு கை தூரத்தில் இருந்தார்கள். ஆனாலும் பொறுப்பான வேலை ஒன்று என்னை நம்பிக் கொடுக்கப்பட்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது. ரசம், மோர், அப்பளம் என்று எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோனேன்.

சாப்பாடு முடிந்ததும் அவர் சோபாவில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார். டூர் வண்டி நான்கு மணிக்கு வந்து அழைத்துப் போகும் என்று ஏற்பாடு. என் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். சித்தப்பா என் அப்பாவைப் பார்த்தார். சித்தியின் அப்பா இப்படியே போய்விட்டால் மறுபடி வர மாட்டார் என்பது எனக்கே தெரிந்தது.

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்தாள். பிடியில் ஒரு முள்ளை வைத்துத் திருகினாள். நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். செய்தித்தாளுக்கு மேலே அவர் கண் ஒரு தடவை தெரிந்து மறைந்தது.

நான் வழக்கம்போல் பக்கத்தில் போய் நின்றேன். வால் சரியாக வந்தது. உடம்பில்தான் கோளாறு. ஊசிக்கு இருப்பது போலவே முள்ளுக்கும் தலையில் ஒரு காது உண்டு. தூண்டில் நரம்பைக் கோப்பது அதில்தான். அதனால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். சித்தியோ கம்பளி இழையைக் காதுவரைக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"சித்தி, காது" என்றேன்.

"தாத்தாவுக்குத் தண்ணி கொண்டா" என்றாள்.

தாத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. இன்னொன்று கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வந்தால், அதே இடத்தில் இறகையும் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட இடமே இல்லை. நூல் காதுக்கு மேல் வழுக்கி வழுக்கி விழுந்தது. நானே அப்படிக் கட்டியிருக்க மாட்டேன்.

"சித்தி, நீங்க இடமே விடல."

"தீதி வீட்ல இறகு இருக்கா, கேட்டு வா."

இறகு மேஜை மேல் ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போகாமல் கதவருகிலேயே நின்றேன். எங்கள் கணக்கு டீச்சர் பக்கத்தில் வந்து நின்றால் தெரிந்த கணக்கும் எனக்கு மறந்துபோகும். சித்திக்கும் அப்பா முன்னால் அப்படித்தான் ஆகிறது என்று புரிந்துகொண்டு அவளுக்காகப் பரிதாபப்பட்டேன்.

செய்தித்தாள் மடிந்தது. "காதை அடைக்கிறாள்னு சொல்லு பாப்பா" என்றார் அவர்.

"காதை அடைக்கிறீங்களாம் சித்தி."

சித்தி தலை நிமிரவில்லை. "எந்த எடத்துலன்னு கேளு."

"எந்த எடத்துல தாத்தா?"

"முன்னாடி. கண்ணு தெரியலையா அவளுக்கு?"

"எவ்வளவு எடம் விடணும்னு கேளு" என்றாள் சித்தி.

நான் திரும்பிக் கேட்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தள்ளு" என்றார்.

அதை என்னிடம் சொல்லவில்லை. சித்தி நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் மணிக்கட்டுப் பொத்தான்களைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டார். கட்டியது முழுவதையும் பிரித்தார். நூலை அவள் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்.

"இத்தனை வருஷமா இப்படியா கட்டிட்டு இருந்தே?"

"சொல்லித் தர ஆள் இல்லப்பா" என்றாள் சித்தி.

இதை என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் சித்தி ஒன்றும் தெரியாதவள் என்று அவர் ஊரில் போய்ச் சொல்லிவிடுவார் அல்லவா? பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் கொட்டிவிடுவது என்று சமையலறைக்கு ஓடினேன். டப்பாவோடு திரும்பும்போது அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். டப்பாவை வாங்கி, எனக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தாள்.

"அம்மா, சித்திக்கு நல்லாத் தெரியும். தாத்தாகிட்ட..."

"பேசாம இரு" என்று என் கையைக் கிள்ளினாள். அவள் கண் ஹாலிலேயே இருந்தது. அடுப்பில் வைத்த டீ பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அவர் கட்டிய ஈ அழகாகத்தான் இருந்தது. டப்பாவில் இருந்தவற்றைவிட ஒன்றும் உசத்தியில்லை. அதைப் பிடியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதை இந்த ஊர்ல எந்த மீன் கடிக்கும்?" என்று கேட்டார்.

"மடவை கடிக்கும்ப்பா. வண்டூர்ல."

"மடவையாவது, ஈயைக் கடிக்கிறதாவது" என்றார். டூர் வண்டி மறுநாள் வண்டூருக்குத்தான் போகிறது என்று சித்தப்பா உடனே எடுத்துக்கொடுத்தார்.

வண்டூரில் மற்றவர்களெல்லாம் பவளப்பாறை பார்க்கக் கண்ணாடிப் படகில் ஏறினார்கள். அவர் ஏறவில்லை. முன்னதாகவே பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்த நானும் சித்தியும் சித்தப்பாவும் அவரை உப்பங்கழியின் மேல் இருந்த சின்னப் பாலத்துக்கு அழைத்துப் போனோம். முதலை இருக்கிறது, தண்ணீரில் இறங்காதீர்கள் என்று போர்டு வைத்திருந்தார்கள். பாலத்தில் நின்று தூண்டில் போட அது தடையில்லை. சித்தி மூங்கில் கழியில் நரம்பு கட்டி, ஈயைக் கோத்து, பையிலிருந்து ரொட்டித் துண்டை எடுத்தாள். மடவை மேலே வர அவள் கொஞ்சம் ரொட்டி தூவுவது வழக்கம்.

"ரொட்டி போட்டுப் பிடிக்கிறது ஒரு பிடிப்பா?" என்றார் அவர். ரொட்டியை வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் தின்றுவிட்டேன்.

ரொட்டி இல்லாமல் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறியது. சித்தப்பா மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். படகு திரும்பிவிட்டால் டூர் வண்டி கிளம்பிவிடும். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கீழே பார்த்தபடி, எந்த ஓடையில் இப்போது தண்ணீர் குறைந்திருக்கும், அண்ணன் மகன் பேச ஆரம்பித்துவிட்டானா என்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அவ்வளவு பேச்சுச் சத்தத்தில் மீன் எப்படி வரும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வந்தது. நிழலில் மிதந்த ஈயை ஒரு வாய் மேலே வந்து உறிஞ்சியது. சித்தி கழியைத் தூக்கினாள். உள்ளங்கை அளவு மடவை ஒன்று வெள்ளியாகத் துள்ளியது. அவர் பாட்டில் தண்ணீரால் கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்தார். முள்ளைப் பதமாகக் கழற்றினார். வறுத்தால் எப்படியிருக்கும் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

"மாமா..." என்றார் சித்தப்பா.

"சின்னது மாப்பிள்ளை. வளரட்டும்."

சித்தி அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகைதான் வந்தது. நாளைக்கு இதைவிடப் பெரிதாகப் பிடிக்கலாம் என்று அவள் முதுகைத் தடவிச் சமாதானம் சொன்னேன்.

வண்டி ஹார்ன் அடித்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "இங்க நல்ல சேவல் இறகு கிடைக்குதா?" என்று கேட்டார்.

"கிடைக்கிறதே இல்லப்பா" என்றாள் சித்தி.

"அனுப்பறேன். போன் பண்ணி ஞாபகப்படுத்து."

நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா என் தோளை அழுத்தினார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, இனிமேல் யார் முன்னாலும் அவள் அவமானப்படக் கூடாது என்று முடிவு செய்தேன். முதலில் நூல், அப்புறம் வால், அப்புறம் உடம்பு, கடைசியில்தான் இறகு என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். காதுக்குப் பின்னால் கட்டாயம் இடம் விட வேண்டும் என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டாள்.

"எவ்வளவு இடம்?" என்றாள்.

சுண்டுவிரல் நகத்தின் நுனியைக் காட்டினேன்.

"மறந்துடுவேன். இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

பெரியவர்களுக்கு நிதானமாகச் சொன்னால்தான் மனதில் ஏறும். மறுபடியும் நூலிலிருந்து ஆரம்பித்தேன்.