பெடல் பலகை

ஒரு கம்ப்யூட்டரில் மூன்று சாமான்களைச் சொருகுவதற்கு எங்கள் குடும்பம் இரண்டு வாரம் பாடுபட்டது என்று சொன்னால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போது சிரிப்பும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை. அசதிதான் வருகிறது.

அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றி வருகிற லாரி. நான் ஆறாவது படித்த வருஷம், வாலாஜாபேட்டைக்குப் பக்கத்தில் அந்த லாரி ஒரு சைக்கிள்காரர் மேல் ஏறிவிட்டது. அந்த மனிதருக்கு ஒரு கால் போயிற்று. “மிதிச்சேன், பிடிக்கல” என்றார் அப்பா. டேனரிக்காரர்களோ பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால், கேட்டில் வாட்ச்மேன் வேலை தருவதாகவும் சொல்லி அனுப்பினார்கள்.

அப்பா போடவில்லை. ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தைத்துவிட்டு, கம்பெனி வேனிலிருந்து இறங்கி, கையில் பசை வாசனையோடு சோறு வடிப்பார். யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

எங்களோடு இருந்த சித்தப்பா கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியவர். அவர்தான் கணியம்பாடியில் லாரி வைத்திருந்த ஒருவரிடம் அப்பாவுக்காகப் பேசினார். ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினால் வண்டியைக் கொடுக்கிறேன் என்றாராம் அவர். ஆனால் அப்பாவுக்கு லாரியில் ஏறி உட்கார்ந்தாலே வலது கால் உதற ஆரம்பித்துவிடும். அதற்குச் சித்தப்பா கண்டுபிடித்த வைத்தியம் ஒரு சாக்குமூட்டையில் வந்து இறங்கியது. சென்னையில் மூடிவிட்ட ஏதோ ஒரு விளையாட்டுக் கடையின் பழைய சாமான்கள். கம்ப்யூட்டர் திரையில் லாரி ஓட்டுகிற விளையாட்டுக்கு ஒரு ஸ்டியரிங், இரண்டு பெடல் வைத்த ஒரு பலகை, ஒரு கியர் கம்பி. விமானம் ஓட்டுகிற குச்சி ஒன்றும் இலவசமாகக் கூட வந்திருந்தது.

“இன்னாடா இது, சின்னப் பசங்க சாமான்?” என்றார் அப்பா.

“ண்ணா, இதுல இடிச்சா யாருக்கும் ஒண்ணும் ஆவாது. பயம் போற வரைக்கும் இடி” என்றார் சித்தப்பா.

அதன் பிறகுதான் பேஜார் ஆரம்பித்தது. சித்தப்பா வீட்டில் வைத்திருந்த கம்ப்யூட்டரின் முதுகில் இருந்தவை இரண்டே ஓட்டைகள். நாலு ஓட்டை வைத்த ஒரு டப்பாவை வாங்கி அதில் மூன்றையும் சொருகினால், கம்ப்யூட்டருக்கு யார் யாரென்று தெரியவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கியர் விழுந்தது. கியரைப் போட்டால் ஹாரன் அடித்தது. கடைசியில் சித்தப்பா சூட்சுமத்தைப் பிடித்தார். முதலில் ஸ்டியரிங், பத்து எண்ணியபின் பெடல், இன்னொரு பத்து எண்ணிக் கியர். சொருகுகிற வரிசையில்தான் அது நம்பர் போடுமாம். வயர்களில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கம்பளி நூல் கட்டி, அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சிமெண்டுத் தரையில் பெடல் பலகை வழுக்கிக்கொண்டு ஓடும். லாரிக்காரர் மிதி அப்படி. அதனால் நான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் அம்மா ஸ்டியரிங்குக்குக் குங்குமம் வைத்தார். நசுக்குவதற்கு டயர் இல்லாததால் அப்பா எலுமிச்சம்பழத்தை ஆக்ஸிலேட்டருக்கு அடியில் வைத்து மிதித்தார். சாறு என் கண்ணில் தெறித்தது. ஏழு மாதத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

“கிளட்ச் இல்லாத வண்டி இன்னா வண்டி?” என்று திட்டிக்கொண்டேதான் ஓட்டினார். ஆனாலும் நாளாக நாளாகக் கால் நிதானப்பட்டது. அவருடைய பாதங்களை அவ்வளவு பக்கத்தில் வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. நான்காம் நாள் உதறல் கம்மியானது. பத்தாம் நாள் சுத்தமாக நின்றுவிட்டது. வர்ற திங்கட்கிழமை கணியம்பாடிக்குப் போகலாம் என்றார் சித்தப்பா.

அதற்கு முந்தைய சனிக்கிழமை அப்பா முடிவெட்டப் போயிருந்தார். எனக்கு அந்தக் குச்சியின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். பெடலைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் குச்சியைச் சொருகினேன். முன்னால் தள்ளினால் லாரி நின்றது, பின்னால் இழுத்தால் ஓடியது. எரிச்சலாக வந்தது. செட்டிங்கில் துழாவியதில் இரண்டாம் நம்பருக்கு எதிரே தலைகீழாக மாற்றுகிற கட்டம் ஒன்று கிடைத்தது. டிக் அடித்தேன், சரியாகிவிட்டது. ஆசை தீர ஓட்டினேன். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் குச்சியைப் பிடுங்கி, பெடலைச் சொருகி, நல்ல பிள்ளையாக மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். டிக்கை எடுக்க மறந்துவிட்டேன். அது இருந்தால் பெடலிலும் பிரேக் ஓட்டும், ஆக்ஸிலேட்டர் நிறுத்தும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அப்பா உட்கார்ந்தார். வலது பெடலைத் தொட்டதும் வண்டி அசையவில்லை. “பேட்டரி வீக்கா?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எதையோ சரிபார்ப்பவர்போல இடது பெடலை லேசாகத் தொட்டார். வண்டி கிளம்பியது. திரை எனக்குத் தெரியாது, இன்ஜின் சத்தம்தான் கேட்கும். சத்தம் ஏறியது. அவர் பிரேக்கை மிதித்தார். இடது பெடல், சந்தேகமே இல்லை, என் மூக்குக்கு நேராக இருந்தது. இன்ஜின் இரைந்தது. இன்னும் அழுத்தி மிதித்தார். பலகை என் கையை மீறித் தரையில் தேய்ந்தது. மேலே பெரிதாக ஒரு மோதல் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவருடைய கால் மறுபடியும் உதறிக்கொண்டிருந்தது. குனிந்து என்னைப் பார்த்தார்.

“பாப்பா, நான் எதம்மா மிதிச்சேன்?”

உண்மையைச் சொன்னால் குச்சி விஷயமும் வெளியே வரும். முதுகில் நாலு விழும்.

“தெரியலப்பா. கவனிக்கல.”

அவர் எழுந்து வெளியே போனதும் ஓடிப்போய் டிக்கை எடுத்துவிட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார். “எல்லாம் கரெக்டா தானண்ணா கீது” என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். கணியம்பாடிக்குப் போகவில்லை, டேனரிக்குப் போனார். சாயங்காலம் அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா சொன்னபோது, சித்தப்பாவின் வைத்தியம் பலித்துவிட்டது என்று நான் குதித்தேன். என்னோடு சேர்ந்து யாரும் குதிக்கவில்லை. அது ஏனென்று அன்றைக்குப் புரியவில்லை.

பதினாறு வருஷம் அந்த கேட்டில் நின்றார். விபத்தைப் பற்றி யாராவது கேட்டால், “நான்தான் மாத்தி மிதிச்சிட்டேன்” என்பார். இப்போது என் காரில் ஏறினாலும் பின் சீட்டில்தான் உட்காருவார், வலது காலை மடக்கி வைத்துக்கொண்டு. எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். எதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று அடங்கிவிடுகிறேன்.

அவர் கேட்டது அந்தத் திரையில் ஓடிய லாரியைப் பற்றி என்றுதான், மேஜைக்கு அடியில் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று பட்டது.