செருப்பு ஏறிய படகு

போன மாதப் பௌர்ணமி. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து என் படகின் பின்பக்க மூடியைத் திறந்தேன். உள்ளே... செருப்புகள்! ரப்பர், லெதர், ஹீல்ஸ், வார் அறுந்தது என்று சகல ரகமும்.

விஷயத்தை முதலிலிருந்தே சொல்கிறேன். என் பெண் காவ்யாவுக்காக கார் ஷெட்டில் ஒரு கயாக் செய்கிறேன். ஒருத்தர் உட்கார்ந்து துடுப்பு போடும் ஒல்லியான மரப் படகு. நடுவில் உட்காரும் இடம். முன்னும் பின்னும் தடுப்புப் பலகை வைத்து அடைத்த இரண்டு அறைகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மூடி.

அந்த மூடிகளுக்கு நான் பட்ட பாடு! பெரிசாக வெட்டினால் தண்ணீர் நுழையும், சின்னதாக வெட்டினால் கை நுழையாது. குக்கர் கேஸ்கட்டை வைத்துப் பார்த்து, சரிவராமல் ரப்பர் பட்டை ஒட்டி, இழுத்துக் கட்ட பெல்ட் வைத்து... எல்லாம் எதற்கு? ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு மாற்றுத் துணி. மிச்ச இடம் முழுக்கக் காற்று. படகு கவிழ்ந்தாலும் மூழ்க விடாமல் தாங்குவது அந்தக் காற்றுதான். காவ்யாவுக்கு நீச்சல் அரைகுறை.

இதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிப் பாருங்களேன். "இவ்ளோ இடம் சும்மாதானே கெடக்குது?" என்பார்கள். பரணை நிரப்பியாச்சு. கட்டிலடியை நிரப்பியாச்சு. ஃபிரிட்ஜின் தலையைக்கூட விடவில்லை. காலி இடம் என்றால் நமக்கு ஏன் இப்படிக் கண்ணை உறுத்துகிறது?

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. பௌர்ணமி வந்தால் சொந்தபந்தம் மொத்தமும் எங்கள் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மலை சுற்றக் கிளம்பும். வாசலில் விட்டால் கூட்டத்தில் காணாமல் போய்விடுமாம். என் கொழுந்தனார் சேகர் கண்டுபிடித்த பத்திரமான இடம் — என் படகு!

பல்லைக் கடித்துக்கொண்டேன். செருப்புதானே, எடுத்த பிறகு துடைத்துவிடலாம்.

அடுத்த ஞாயிறு காவ்யா முதல்முறையாக ஏரியில் இறங்குவதாக இருந்தாள். கிளம்பும் முன் ஒரு சோதனை. ஏற்கெனவே தேறிய சோதனைதான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. உட்காரும் இடத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். பின் அறை சொட்டு ஈரமில்லாமல் இருக்க வேண்டும். மூடியைத் திறந்தால்... குளம்! தடுப்புப் பலகையில் வரிசையாக ஓட்டைகள். டிரில் போட்ட ஓட்டைகள்.

சேகருக்கு போன் போட்டேன்.

"ஆமா அண்ணி, நான்தான் போட்டேன். அத்தன செருப்பும் மூடி வெச்சா நாத்தம் புடிச்சிக்கும் இல்ல? காத்து போவட்டும்னுதான். அதுவும் உள்பக்கமா போட்டிருக்கேன், அழகு கெடல பாருங்க."

"தம்பி, காத்து போவக் கூடாதுன்னுதான் அந்தப் பலகையே! தெரியாம இன்னிக்கு காவ்யா ஏறியிருந்தா?"

சேகர் மெதுவாக, "நல்லதுக்குத்தான் அண்ணி செஞ்சேன்..."

நல்லதுக்கு! இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டு அடுத்தவர் வீட்டில் எதை வேண்டுமானாலும் துளைக்கலாமா? "இது எதுக்கு அண்ணி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? கெட்ட எண்ணத்தோடு வருகிறவனைக் கேட்டிலேயே நிறுத்திவிடலாம். நல்ல எண்ணத்தோடு டிரில் மெஷினைத் தூக்கி வருகிறவரை என்ன செய்வது?

ஏரிப் பயணம் தள்ளிப்போனது. ஓட்டைகளை அடைத்தேன், தேய்த்தேன், திரும்பவும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். காவ்யா தன் பங்குக்குப் பின் மூடியில் பெயின்ட்டால் கொட்டை எழுத்தில் எழுதினாள்: "இடம் காலி இல்லை. உள்ளே காற்று இருக்கிறது."

இந்தப் பௌர்ணமிக்கும் சேகர் வந்தார். அதை நிதானமாகப் படித்தார். ரொம்ப நியாயம் என்பதுபோல் தலையாட்டினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படகின் முன்பக்கம் போனார்.

"அண்ணி, இந்த மூடியில ஒண்ணும் எழுதலியே?"