கழுவிய தொட்டி

வாவிக்கரையில் பிறந்தவனுக்கு மீனைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். என் தகப்பனார் தோணியில் போய் வலை வீசியவர். எந்த மீனைப் பொரிக்க வேண்டும், எதைச் சொதி வைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மீனை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று மட்டும் எங்கள் பரம்பரையில் யாருக்கும் தெரியாது.

எட்டாம் மாதம் தொடங்கும் முன்பே மகன் பிறந்துவிட்டான். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மனைவி அங்கே அவனோடு. நானும் ஆறு வயது மகளும் வவுணதீவில் வீட்டில். தம்பி எப்போது வருவான் என்று மகள் சோற்றுக் கோப்பையின் முன்னாலும் கேட்பாள், சப்பாத்துப் போடும்போதும் கேட்பாள். அவளுக்குப் பராக்குக் காட்டத்தான் ஒரு கண்ணாடித் தொட்டியும் ஆறு தங்கமீன்களும் வாங்கி வந்தேன்.

தொட்டியைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, பையின் முடிச்சை அவிழ்த்து மீன்களை அப்படியே கவிழ்த்துவிட்டேன். மகள் ஆசையில் கை நிறையத் தீன் போட்டாள். அடுத்த நாள் காலை இரண்டு மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. மூன்றாம் நாள் மிஞ்சியிருந்தது ஒன்றுதான்; அது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் அதுவும் போய்விட்டது.

விடுவேனா? இன்னும் ஆறு வாங்கினேன். இந்த முறை கல், மணல் எல்லாவற்றையும் கொதிநீரில் அலசினேன். தண்ணீரைத் தினமும் மாற்றினேன். அவையும் நான்கு நாள் தாண்டவில்லை.

மகள் வெறும் தொட்டியின் முன்னால் குந்தியிருந்தாள்.

“அப்பா, கடையில இருக்கக்குள்ள நல்லாத்தானே இருந்திச்சு?”

“ஓம் மகள்.”

“நம்மட வீட்ட வந்தாத்தான் சாகுது. தம்பியக் கொண்டு வராதீங்க. அவன் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.”

“விசர்க் கதை கதைக்காத!” என்று அதட்டினேன். அவள் சொன்னது வெறும் பைத்தியக்காரப் பேச்சாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. பெட்டியை விட்டு வெளியே எடுத்தால் அவன் என்ன ஆவான் என்ற பயம் எத்தனையோ நாளாக என் நெஞ்சுக்குள் இருந்தது. அன்று பின்னேரம் பினாயில் ஊற்றி வீடு முழுவதையும் கழுவினேன். திரைச்சீலை, தலையணை உறை, ஒன்றையும் விடவில்லை.

மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு மீன்கடைக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன்.

“நோய் மீனத் தந்திட்டீங்க நானா!”

காத்தான்குடிக்காரரான கடைக்கார நானா பதறவில்லை. “தொட்டிய எத்தின தரம் கழுவின நீங்க?” என்று கேட்டார். பெருமையோடு கணக்குச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மீன்ட கழிவும் மிஞ்சின தீனும் தண்ணிய நஞ்சாக்கும் தம்பி. அதத் திங்கிற கிருமி ஒண்டு இருக்கு, நல்ல கிருமி. புதுத் தொட்டியில அது வளர ஒரு மாசம் போகும். நீங்க அத வளரவே விடாமக் கழுவியிருக்கீங்க.”

தன் பழைய தொட்டிக்குள் அந்தக் கிருமி ஊறிக் கிடந்த பழுப்பு நிறப் பஞ்சில் ஒரு துண்டு வெட்டித் தந்தார். கழுவாமல் அப்படியே தொட்டிக்குள் போடச் சொன்னார்; எனக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: “பையத் திறக்காம அரை மணித்தியாலம் தொட்டியில மிதக்க விடணும் மகள். பிறகு தொட்டித் தண்ணியக் கொஞ்சங் கொஞ்சமாப் பைக்குள்ள ஊத்தணும். அதுக்குப் பழகணும். அவசரப்படப்படாது.”

இரண்டே இரண்டு மீன் வாங்கினோம். மகள் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் பையைத் திறக்க விட்டாள். ஏழு நாள், ஒரு முழுக் கிழமை கடந்தும் இரண்டும் நீந்தின. அப்போதுதான் மனைவி போன் எடுத்தாள். மகனை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

மனைவியையும் மகனையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோ வாசலில் வந்து நின்றபோது, மகள் என்னை முந்தி ஓடிக் கேற்றைச் சாத்திவிட்டுக் குறுக்கே நின்றாள்.

“இறங்க வேணாம் அம்மா. அரை மணித்தியாலம். தம்பிக்குப் பழகணும்.”

மனைவி என்னைப் பார்த்தாள். மீன் செத்த கதை எதையும் அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஓட்டோக்காரர் எஞ்சினை நிறுத்தினார். மகள் உள்ளே ஓடிப்போய்த் தன் பழைய போர்வையைத் தூக்கி வந்தாள். “இத அப்பாக்குக் கழுவக் குடுக்கல்ல. ஒளிச்சு வச்சிருந்தன்” என்றாள். பறிக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். மனைவி அதை வாங்கித் தன் மடியில் விரித்து, அதன்மேல் மகனைக் கிடத்தினாள்.

“மூச்சு விடுறானா?” என்று மகள் கேட்டாள்.

“விடுறான் மகள்.”

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டாள். வெயில் ஏறியது. கடைசியில் அவளே உள்ளே போய் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்து கேற்றைத் திறந்தாள்.

“இப்ப கொண்டு வாங்க அப்பா. மெதுவா.”

மகனைக் கையில் வாங்கினேன். ஒரு பை அரிசியின் கனம்கூட இல்லை. கேற்றைத் தாண்டாமல் நின்றேன்.

“இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்பம் மகள்” என்றேன்.