அக்கா கேட்ட பங்கு

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் அனைவருக்கும் தங்கையின் தோத்திரம். புகழ்ந்து நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் அக்கா பிறந்தார். கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்தார். ஏரியூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். லாரி ஓட்டிய மாமா தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனார். குழந்தை இல்லை. அடக்கம் முடிந்த வாரமே மாமியார் வீட்டில் அக்காவின் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்கள்.

அக்கா அப்பா வீட்டுக்கே திரும்பி வந்து, தர்மபுரியில் ஒரு வக்கீலிடம் போனார். நிலமெல்லாம் மாமனார் பெயரில் இருப்பதால் வழியில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அக்கா அதோடு விடவில்லை. பிழைப்புக்குத் தையல் எடுத்தவர், அந்த வக்கீல் வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கப் போகும்போதெல்லாம் பட்டா, பாகம், உயில் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு வீடிழந்த பெண்களைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போகத் தொடங்கினார்.

எங்கள் ஊர்ச் சவேரியம்மாள் விதவை. அவர் குடியிருந்த குடிசைக்குக் கொழுந்தனார் தன் பெயரில் பட்டா கேட்டிருந்தார். ஆபீசில் அக்கா சவேரியம்மாளோடு போய் நின்றார்.

"ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா?" என்றார் அதிகாரி.

"குடியிருக்கறது இந்தம்மாதானுங்க. இவங்க வூட்டுக்காரரு செத்துட்டாருங்க. அவரு எப்படிங்க வந்து நிப்பாரு?"

பல மாதம் அலைந்து, சவேரியம்மாள் பெயரிலேயே பட்டா வாங்கிக் கொடுத்தார். அவருக்குப் பிறகு இன்னும் எத்தனையோ பெண்கள்.

அப்பா நோயில் படுத்தபோது அக்காதான் பார்த்துக்கொண்டார். சவேரியம்மாளும் கூட இருந்து உதவினார். கடைசியில் அப்பா நினைவு தப்பியே கிடந்தார். இருவரும் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். அடக்கம் முடிந்ததும் அக்கா அண்ணனிடம் தன் பங்கைக் கேட்டார்.

"நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிட்டு, கடைசியில எங்கிட்டயே வந்துட்டியா?"

"நம்ம கிறிஸ்தவ சனத்துக்குச் சட்டத்துல மகனும் மகளும் ஒண்ணுதாங்கண்ணா. உங்களுக்குன்னு வேற சட்டம் இல்லீங்க."

சொத்தெல்லாம் தனக்கே என்று அப்பா எழுதியதாக அண்ணன் ஓர் உயிலைக் காட்டினார். அதில் அப்பாவின் கைரேகை இருந்தது. அப்பா நினைவில்லாமல் கிடந்த நாட்களில் வைத்த ரேகை அது. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. அப்பா நினைவில்லாமல் கிடந்ததைச் சொல்ல அக்காவுக்குச் சாட்சி தேவைப்பட்டது. சவேரியம்மாள் வருவதாகச் சொன்னார். வழக்கு நாளன்று காலையில் நாங்கள் போய்க் கூப்பிட்டபோது கதவைப் பாதி திறந்தார்.

"எம் பசங்க உங்க அண்ணன் காட்டுலதான் கூலிக்குப் போறாங்க. நான் வந்து சொல்லிட்டா நாளைக்கு அடுப்பு எரியுங்களா?"

அக்காவால் பட்டா வாங்கி, அப்பாவையும் வந்து பார்த்துப்போன மற்ற பெண்களும் வரவில்லை. வழக்கு தோற்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சன்னல் பக்கம் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "அவங்க மேல கோவப்படக் கூடாதுன்னுதான் பாக்கறேன். ஆனா வருது."

அதன்பின் கம்பைநல்லூரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தையல் மிஷினோடு தனியே இருந்தார். வழக்குக்கு வராத அதே பெண்கள் பட்டாவுக்காக மறுபடி வந்தார்கள். அக்கா ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. நெஞ்சு நோவு முற்றும் வரை ஆபீஸ் படி ஏறினார். கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் வூட்டு வாசல்ல என்னக் கொண்டு போயி வெக்காத" என்றார். அண்ணன் ஆள் அனுப்பிக் கேட்டும் நான் சம்மதிக்கவில்லை. அந்த அறையிலிருந்தே கோயிலுக்குக் கொண்டுபோனோம்.

வாடகை வீட்டில் உடலை வைக்க மறுக்காத வீட்டுக்கார அம்மாவுக்கும், இரவும் பகலும் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், செபம் சொன்ன சாமியாருக்கும் எங்கள் நன்றி. கோர்ட்டுக்கு வராமல் அடக்கத்துக்கு வந்து மாரில் அடித்து அழுதவர்களுக்கும் நன்றி சொல்வது முறை என்கிறார்கள். அக்காவாக இருந்தால் சொல்லியிருப்பார். எனக்கு அந்த மனசு இல்லை.