ஜோவனின் பையில் நீலக் கைக்குட்டை

இரண்டு பிள்ளைகளில் ஒருவனைத்தான் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்றால், தாய் எவனைத் தூக்குவாள்? வெர்லீன் கிட்ரி இதைக் கேட்டபோது நான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த புதிது. அவள் பக்கத்து வீட்டுக்காரி. சமையலறைக் குழாயடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள். என்ன நடந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதை எழுதுகிறேன்.

வெர்லீன் லாஸ் ஏஞ்சலஸில் நகரப் பேருந்து ஓட்டினாள். லூசியானாவிலிருந்து வந்த குடும்பம். உலகமே தலைகீழானாலும் திங்கட்கிழமை அவள் வீட்டில் சிவப்பு பீன்ஸும் சோறும்தான். வாட்டசாட்டமான ஆள். பேருந்தில் யாராவது சலம்பினால் வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறப்பாள். "இறங்கு ராசா. நீ நடந்து வந்தா போதும்னு உங்கம்மா சொல்லிட்டா" என்பாள். எப்பேர்ப்பட்டவனும் இறங்கிவிடுவான்.

மூத்தவன் செட்ரிக்குக்குப் பதினேழு வயது, டயர் கடையில் வேலை. இளையவன் ஜோவனுக்குப் பத்து. அந்த வருடம் கோடை தொடங்கும் முன்பே, ஐஸ்கிரீம் வண்டிக்கு வரிசையில் நின்ற ஒரு பையனை ஓடும் காரிலிருந்து சுட்டுப் போட்டார்கள். அவனுக்கு அடுத்து நின்றது ஜோவன். வெர்லீன் அவனைக் குளியல் தொட்டியில் உட்கார வைத்து முகத்தையும் கழுத்தையும் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. அது வேறொரு தாய் பெற்ற பிள்ளையின் இரத்தம். இந்தக் கோடையில் இவன் இந்தத் தெருவில் இருக்கக் கூடாது என்று அந்தத் தொட்டியருகில் மண்டியிட்டபடியே முடிவு செய்தாள்.

சர்ச் மூலமாக மலைமேல் ஒரு கோடை முகாமில் இடம் கிடைத்தது. ஏரி, படகு, மரக்குடில்கள். பிள்ளைகள் அங்கேயே தங்குவார்கள். கொண்டுவர வேண்டியவை என்று முகாமிலிருந்து ஒரு தாள் வந்தது. டார்ச், படுக்கைப் பை, நீச்சல் உடை, துண்டுகள். எல்லாம் சரி. கடைசியில், ஜோவன் நீல அணி என்பதால் தலையிலோ கழுத்திலோ கட்டிக்கொள்ள இரண்டு நீலக் கைக்குட்டைகள் என்றும் இருந்தது.

எங்கள் ஊரில் ரவுடிக் கும்பல்களுக்கு நிறம் உண்டு. எங்கள் தெரு சிவப்பு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நீலம். யாரும் கேட்டு வாங்கிக்கொண்ட நிறமில்லை. நீல ஜீன்ஸ் போட்டால் ஒன்றுமில்லை, ஊரே போடுகிறது. கைக்குட்டை வேறு. அது கொடி. அதற்காக ஆளை முடித்துவிடுவார்கள்.

வெர்லீன் முகாமுக்குத் தொலைபேசியில் பேசினாள். ஒரு பெண் குதூகலமாக எடுத்தாள்.

"அந்தக் கைக்குட்டை கட்டாயம் வேணுமா?"

"ஐயோ, பிள்ளைங்களுக்கு அதுதாங்க உயிரே! ரெண்டு அணியா பிரிச்சுப் போட்டி வைப்போம்."

"உயிருதான். வேற கலரு இல்லியா?"

"சிவப்பு இருக்கு. மாத்தித் தரட்டுமா?"

வெர்லீன் யோசித்தாள். சனிக்கிழமை சர்ச் வாசலிலிருந்து கிளம்பும் முகாம் பேருந்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள். ஏற்றிவிட அவர்களுடைய அண்ணன்களும் வருவார்கள். "வேணாம்" என்று வைத்துவிட்டாள்.

தன் பேருந்து போகும் கடைசி நிறுத்தத்தில், யாருக்கும் தன்னைத் தெரியாத கடையில் இரண்டு நீலக் கைக்குட்டைகளை வாங்கினாள். சாப்பாட்டு டப்பாவில் ரொட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். சாக்ஸுக்குள் திணித்து, அந்த சாக்ஸை இன்னொன்றுக்குள் சுருட்டி, பையின் அடியில் வைத்தாள். செட்ரிக்கிடம் சொல்லவில்லை. கோடைக்கு லூசியானாவிலிருந்து வந்திருந்த, இந்த நிறச் சண்டை அறியாத அக்கா ஓடீலிடமும் சொல்லவில்லை. ஓடீலிடம் ஒன்றைச் சொன்னால் வேலி தாண்டிப் போய்விடும். அங்கேதான் வெர்லீன் தப்புக் கணக்குப் போட்டாள். அக்காவின் வாய்க்குப் பயந்தவள், அக்காவின் கைக்குப் பயப்படாமல் விட்டாள்.

வெர்லீன் வேலைக்குப் போன பிறகு ஓடீல் அந்தப் பையைத் திறந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"கடை நாத்தம் அடிக்குது. இதையா புள்ள ஒடம்புல போடுவா? எந்தக் கெடங்குல எந்த எலி ஓடுச்சோ!"

எல்லாவற்றையும் கொட்டினாள். சுருட்டிய சாக்ஸை உதறினாள். துவைத்தாள், கஞ்சி போட்டாள், பின்கட்டுக் கொடியில் காயப்போட்டாள். கொடிக்குப் பின்னால் இடுப்பளவு வேலி. அதற்கப்பால் சந்து. இரண்டு நீலத் துணிகள் வெயிலில் படபடத்தன. ஓடீல் பாட்டுப் பாடிக்கொண்டே பீன்ஸ் ஆயப் போனாள்.

டீக்கன் வந்தான். ஆல்வின் என்பதுதான் அவன் பெயர். அப்பா சர்ச்சில் டீக்கனாக, பாதிரியாருக்கு உதவி செய்யும் பெரியவராக, இருந்ததால் இவனையும் அப்படிக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. தெருமுனை அவன் கையில் இருந்தது. செட்ரிக்கும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். கூட இரண்டு பேர் வந்தார்கள். வேலியைத் தாண்டினார்கள். படியில் டார்ச்சை அணைத்து அணைத்து எரியவிட்டுக்கொண்டிருந்த ஜோவனின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"யாரு கொடிடா இது, குட்டிப் பையா?"

"எனக்கு... முகாமுக்கு..."

"முகாமா? எந்த முகாம்? ரயிலுக்கு அந்தாண்டையா?"

ஒருவன் கைக்குட்டையை உருவி, சுருட்டி, ஜோவனின் வாயில் திணித்தான். இன்னொருவன் வயிற்றில் குத்தினான். வாய் அடைத்திருந்ததால் பிள்ளையால் கத்தவும் முடியவில்லை. அடி விழும் சத்தம் கேட்டு வந்த ஓடீல் பீன்ஸ் சட்டியை ஓங்கினாள். அவளை ஒரே தள்ளு. படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

அப்போதுதான் செட்ரிக் சந்துக்குள் வந்தான். சாப்பாட்டு வேளை. கையில் டயர் கறை. ஒரு பார்வையில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அவன விடு, ஆல்வின். துணி என்னோடது."

"உன்னோடதா?"

"என்னோடதுதான். எங்கிட்ட கேளு."

கேட்டார்கள். தரையில் தள்ளி, மூன்று பேரும் ஷூ காலால் கேட்டார்கள். தாடை உடைந்த சத்தம் எங்கள் வீட்டு ஜன்னல்வரை கேட்டது. உலர்ந்த கிளை முறிகிற மாதிரி. ஜோவன் வாயிலிருந்த துணியைப் பிடுங்கிவிட்டு அண்ணன்மேல் போய் விழுந்தான். அவனுக்கும் உதை விழுந்தது.

வெர்லீன் காலை வேலை முடிந்து சீருடையோடு வாசல் வழியாக வந்தாள். கையிலிருந்த இரும்பு காபி பிளாஸ்க்கால் டீக்கனின் முகத்தில் அறைந்தாள். மூக்கு பிளந்து இரத்தம் கொட்டியது. மறுபடி ஓங்கியபோது அவன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து அவள் நெற்றிக்கு நேராகப் பிடித்தான்.

"மிஸ் வெர்லீன், பிளாஸ்க்கைக் கீழ போடுங்க."

"உனக்கு இருமல் மருந்து குடுத்த கைடா இது. சுடு."

கூட வந்த இருவரும் டீக்கனைப் பார்த்தார்கள். அவன் சுடவில்லை. முன்கையால் மூக்கைத் துடைத்தான்.

"சனிக்கிழம நானும் சர்ச்சுக்கு வரேன். உம்புள்ள பையப் பாப்பேன். அதுல அந்தக் கலரு ஒரு நூலு இருந்தாலும் அவன் பஸ் ஏற மாட்டான்."

அவர்கள் போனதும் வெர்லீன் முதலில் செய்த காரியத்தைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவைக் கன்னத்தில் அறைந்தாள். "உன்ன யாரு தொவைக்கச் சொன்னா?" ஓடீல் அழவில்லை. "உன்ன யாருடி ஒளிக்கச் சொன்னா?" என்றாள். இரண்டும் நியாயம்தான்.

ஜோவன், "நான் போகல, அம்மா" என்றான். அவனுக்கும் ஓர் அடி விழுந்தது. "போறே. நீ போறே. கேட்டுச்சா?"

செட்ரிக்கின் தாடையை ஆஸ்பத்திரியில் கம்பி போட்டுக் கட்டினார்கள். வாயைத் திறக்க முடியாது. சூப்பை உறிஞ்சிக் குடித்தான். வெர்லீன் நீலத் துணிகளை அடுப்பில் எரித்தாள். மற்ற துணிமணிகள் அத்தனையையும் திரும்ப மடித்துப் பையில் வைத்தாள். நீலக் கோடு போட்ட பல் துலக்கும் பிரஷைக்கூட எடுத்துவிட்டுப் பச்சையில் ஒன்று வைத்தாள். ஓடீல் ஒற்றைக் கையால் சட்டைகளை எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை சர்ச்சுக்கு முன்னால் மஞ்சள் பேருந்து நின்றது. ஓட்டுநர் பின்கதவு வழியாகப் பைகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். டீக்கனின் அப்பா அவருக்கு உதவி செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் ஏற ஏறக் கூச்சல். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

டீக்கனும் அவனுடைய ஆட்களும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். டீக்கனின் மூக்கில் பிளாஸ்திரி. ஜோவனும் தாடையில் கம்பியோடு செட்ரிக்கும் பின்னால் வர, வெர்லீன் நேராக அவன்முன் போனாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளாடை, சோப்பு, துண்டு, படுக்கைப் பை எல்லாம் தார்த்தரையில் விழுந்தன.

"பாரு. என் புள்ள ஜட்டியயும் பாரு. ஆசையா இருந்தா மோந்தும் பாரு."

யாரோ ஒரு சிறுவன் களுக்கென்று சிரித்தான். டீக்கனின் ஆள் ஒருவன் காலால் துணிகளைக் கிளறினான். தலையசைத்தான். ஒன்றுமில்லை. டீக்கன் எச்சிலைத் துப்பிவிட்டுத் திரும்பினான். வெர்லீனுக்கு மூச்சு வந்தது. குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அந்த நேரம் பார்த்து முகாமிலிருந்து வந்த பெண் அங்கே வந்தாள். தொலைபேசியில் பேசிய அதே குதூகலம்.

"நீதான் ஜோவனா? என்னப்பா, உன் கைக்குட்டையக் காணோமே! அதுக்கென்ன, மறந்துட்டு வர்றவங்களுக்காகவே நான் வெச்சிருக்கேன்."

தன் தோள்பைக்குள் கை விட்டாள். நீலக் கைக்குட்டை ஒன்றை எடுத்து, ஜோவனின் கழுத்தைச் சுற்றி அழகாக முடிச்சுப் போட்டாள். பிள்ளை கல்லாக நின்றான்.

டீக்கன் திரும்பி வந்தான். கை இடுப்புக்குப் போனது. பேருந்தின் பின்னாலிருந்து அவன் அப்பா பார்த்துவிட்டார். "ஆல்வின்! போடா வீட்டுக்கு! ஊரு முன்னாடி என் மானத்த வாங்காத, நாயே!" என்று கத்தினார். அவன் ஆட்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பெரியவர் வாயை மூடியிருந்தால் அவன் ஒருவேளை மிரட்டலோடு நிறுத்தியிருப்பான். இப்போது நிறுத்த வழியில்லாமல் போயிற்று. துப்பாக்கியை எடுத்தான்.

வெர்லீன் ஜோவனின் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிப் பேருந்துப் படியில் எறிந்தாள். பின்னாலேயே ஏறினாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் செட்ரிக்கைப் பார்த்தாள். டீக்கனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேருந்துக்கும் அவனுக்கும் நடுவில் நின்றான்.

"செட்ரிக், ஏறு! ஏறுடா!"

கம்பி கட்டிய வாயால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். போ, போ.

கதவு திறந்திருந்தது. உள்ளே முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். வெர்லீன் கதவை மூடினாள். பிரேக்கை விடுவித்தாள். பின்கதவு ஆட, பைகள் ரோட்டில் விழ, பேருந்து திருப்பத்தை நோக்கி நகர்ந்தது. முதல் வெடிச்சத்தம் கேட்டபோது பக்கக் கண்ணாடியில் செட்ரிக் நின்றுகொண்டிருந்தான். அடுத்த சத்தத்தில் கண்ணாடியில் அவனைக் காணவில்லை. பிள்ளைகள் அலறினார்கள். அவள் வண்டியை நிறுத்தவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி, நகரம் பின்னால் போனபிறகுதான் ஓரங்கட்டினாள். ஜோவனின் கழுத்திலிருந்த முடிச்சை அவிழ்க்க விரல் மடங்கவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

போலீஸ் அவளை அங்கேயே பிடித்தது. பாதிரியாரின் காரில் பின்னால் விரட்டி வந்த ஓட்டுநர், "இந்தம்மா மேல எனக்குப் புகார் இல்ல" என்று கடைசிவரை சொன்னார்; அதனால் விட்டுவிட்டார்கள். பேருந்தை அவர்தான் மலைக்கு ஓட்டிப் போனார். ஜோவன் மாற்றுச் சட்டைகூட இல்லாமல் போனான்.

செட்ரிக் பிழைத்தான். ஒரு குண்டு இடுப்பெலும்பை உடைத்தது, இன்னொன்று தொடையில் புகுந்து வெளியே போனது. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறான். டயர் கடையில் நிற்க முடியாது, கல்லாவில் உட்கார வைத்திருக்கிறார்கள். டீக்கன் சிறையில் இருக்கிறான். அவன் அப்பா ஒருநாள் வெர்லீன் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெர்லீன் கதவைத் திறக்கவில்லை. ஓடீல் மட்டும் ஜன்னல் வழியாக, "போங்க ஐயா, அவளால இப்ப முடியாது" என்றாள். பேருந்து நிறுவனம் வெர்லீனை வண்டி ஓட்டவிடாமல் வண்டி கழுவும் வேலைக்கு மாற்றியது. இன்னும் கழுவுகிறாள்.

அந்தக் கோடையில் முகாமிலிருந்து ஜோவன் திரும்பியபோது அண்ணனுக்குக் குண்டு பட்டது அவனுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று வெர்லீன்தான் முகாமுக்குச் சொல்லிவைத்திருந்தாள். தோலுரிந்த மூக்கோடு, யாரோ கொடுத்த பெரிய சட்டையில், குதித்து இறங்கினான்.

"அம்மா! தண்ணிக்குள்ள கண்ணத் தொறக்கக் கத்துக்கிட்டேன்!"

"அப்படியா? பயமா இல்ல?"

"மொத நாளுதான். அப்புறம் தூங்கிட்டேன்மா. நெசமா தூங்கினேன். அண்ணன் எங்க? அவன்கிட்ட சொல்லணும்."

வெர்லீன் அவன் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிவரை நடந்தே கூட்டிப்போனாள். வழியெல்லாம் அவன் பேசினான், அவள் பேசவிட்டாள். வார்டு வாசலில்தான் மண்டியிட்டு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். தான் கதவை மூடியதையும் சொன்னாள். ஜோவன் அழவில்லை. உள்ளே ஓடிப்போய், கட்டிலில் ஏறி, அண்ணனின் அடிபடாத பக்கத்தில் படுத்துக்கொண்டான். நர்ஸ் இறக்கப் பார்த்தாள். செட்ரிக் விடவில்லை.

அந்த முகாம்காரப் பெண் நல்லவள். பிறகு நடந்ததைக் கேட்டுக் கதறினாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். எங்களுக்குத் தெரிந்தது மலைமேல் இருப்பவர்களுக்குத் தெரியாது. இதைப் படிக்கிற உங்களுக்கு, பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப்போகிற யாரையாவது தெரிந்திருக்கும். இன்னதைக் கொண்டு வா, இன்னதைப் போட்டுக்கொண்டு வா என்று சொல்கிற ஆசிரியர், பாதிரியார், முகாம் நடத்துபவர், யாராக இருந்தாலும் சரி. வெர்லீன் வீட்டில் நடந்ததை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களை இன்னும் இரண்டு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.